போட்டோவின் பின்னணியை நீக்குவது எப்படி? கிம்ப் புரோகிராமில் ஒரு செய்முறை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்து பார்க்க விரும்பும் வேலைகளில் ஒன்று, வீட்டில் உள்ள போட்டோக்களைச் சரி செய்வது. அதிலும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. படத்தில் உள்ள ஒருவரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் தெரியும் சுவர், கதவு, கூட்டம் எல்லாவற்றையும் நீக்க முடியுமா? முடியும். அதற்கு விலை கொடுத்துப் புரோகிராம் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. கிம்ப் என்ற இலவசப் புரோகிராம் போதும்.

வழியைச் சொல்லும் முன், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருந்தாலே இந்தக் கட்டுரையில் பாதி படித்த மாதிரி.

என் அப்பத்தா 1991ல் காலமானார். அவர் தனியாக எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருப்பது 1983ல் என் அத்தை கல்யாணத்தில் எடுத்த ஒரே ஒரு குரூப் போட்டோ. கறுப்பு வெள்ளைப் படம். மேலூர் பக்கம் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு பேர் நிற்க, அப்பத்தா இடது ஓரத்தில் இருப்பார். 2009ல் அதை ஸ்கேன் செய்து வைத்தேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் ஆல்பம் நனைந்து, அசல் பிரிண்ட் கண்ணாடித் தாளோடு ஒட்டிப் போனது. ஆக, என் கம்ப்யூட்டரில் இருந்த பைல்தான் மிச்சம்.

புது வீட்டிற்குக் குடிபோகும் முன், பூஜை அறையில் வைக்க அப்பத்தா படம் வேண்டும் என்றார் அப்பா. நான் கையில் இருந்த ஒரு பழைய போட்டோ புரோகிராமில் அந்த ஜேபெக் பைலைத் திறந்தேன். அழிரப்பர் டூலை எடுத்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து சுவரையும் மற்ற பதினொரு பேரையும் அழித்து, நீல நிறம் பூசி, சேவ் பட்டனை அழுத்தினேன். அதே பெயரில், அதே பைலில்.

அப்பா பார்த்தார். "நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றார். பிறகு, "முழுப் படத்தையும் ஒரு தடவை காட்டு. அந்தத் திண்ணையைப் பார்க்கணும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டை விற்று, வாங்கியவர்கள் இடித்துக் கட்டிப் பல வருடம் ஆகிறது. அந்தத் திண்ணை இருந்த ஒரே இடம் அந்தப் பைல்தான். அதை நான்தான் அழித்திருந்தேன்.

அந்தப் படம் திரும்பக் கிடைத்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது வேலையைப் பார்ப்போம்.

கிம்ப் என்பது என்ன?

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995ல் தொடங்கிய புரோகிராம் இது. இன்று உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் இதை வளர்த்து வருகிறார்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், நண்பருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். 2018ல் வந்த 2.10 பதிப்பைப் பலர் நீண்ட நாள் பயன்படுத்தினார்கள். 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளியானது. விண்டோஸில் இதற்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய சிஸ்டம் தேவை. கீழே சொல்லும் வழிகள் இரண்டு பதிப்புகளுக்கும் பொருந்தும்.

கிம்ப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுண்லோட் செய்யுங்கள். தேடுதளத்தில் தேடினால், இதே புரோகிராமைத் தருவதாகச் சொல்லி வேறு சில தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அவற்றில் வேண்டாத புரோகிராம்கள் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. புரோகிராமுக்குப் பணம் கேட்டால் அது சரியான இடம் இல்லை என்று ஒதுங்கிவிடுங்கள்.

முதல் வேலை நகல் எடுப்பது

கிம்ப்பைத் திறக்கும் முன்னரே இதைச் செய்யுங்கள். போட்டோ இருக்கும் போல்டரைத் திறந்து, பைலின் மீது ரைட் கிளிக் செய்து காப்பி கொடுங்கள். "வேலை" என்ற பெயரில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி அதில் பேஸ்ட் செய்யுங்கள். இனி இந்த நகலில் மட்டும்தான் கை வைக்க வேண்டும். அசல் பைலின் மீது ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ் சென்று, ரீட் ஒன்லி என்ற கட்டத்தில் டிக் அடித்து வைத்தால், தவறுதலாக அதன் மேல் எழுதுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். அரை நிமிட வேலை. அன்றைக்கு இதை நான் செய்திருந்தால் மேலே உள்ள கதையே இல்லை.

ஸ்கேன் செய்ய வேண்டிய படம் என்றால் இன்னொரு விஷயம். 6 அங்குலம் அகலம், 4 அங்குலம் உயரம் உள்ள போட்டோவை ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 1800க்கு 1200 பிக்ஸல் கிடைக்கும். குரூப் போட்டோவில் ஒருவர் அதில் ஆறில் ஒரு பங்கு அகலம்தான் இருப்பார். அதாவது 300 பிக்ஸல். அதை நல்ல தெளிவோடு பிரிண்ட் எடுத்தால் ஓர் அங்குலம்தான் வரும். எனவே குரூப் போட்டோவிலிருந்து ஒருவரை எடுக்க வேண்டும் என்றால் 600 அல்லது 1200 புள்ளிகளில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பெரிதாக்கிக் கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்கேனில் வராத விவரம் பிறகு வராது.

பின்னணி எது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்பதுதான் உண்மை. நமக்கு அது அப்பத்தா, சுவர், திண்ணை. கம்ப்யூட்டருக்கு எல்லாமே சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். சாதாரணப் படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும்.

இந்த மூன்றோடு நான்காவதாக ஓர் எண்ணும் சேரலாம். அதன் பெயர் ஆல்பா. அந்தப் புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அது சொல்கிறது. 255 என்றால் முழுதாகத் தெரியும். 0 என்றால் கண்ணாடி போல மறைந்துவிடும். நடுவில் உள்ள எண் என்றால் பாதி தெரியும். பின்னணியை நீக்குவது என்றால், நமக்கு வேண்டாத புள்ளிகளின் ஆல்பாவை 0 ஆக்குவது. வேலை அவ்வளவுதான். எந்தப் புள்ளி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வதில்தான் நேரம் போகிறது.

ஜேபெக் படங்களில் ஆல்பா கிடையாது. ஆகவே கிம்ப்பில் படத்தைத் திறந்ததும் முதல் வேலையாக லேயர் மெனு சென்று, ட்ரான்ஸ்பரன்சி என்பதில் ஆட் ஆல்பா சேனல் என்பதைக் கிளிக் செய்யுங்கள். அந்த வரி மங்கலாக இருந்தால் ஏற்கனவே ஆல்பா இருக்கிறது என்று பொருள்.

எளிய பயிற்சி: ஒரு டீ கப்

எடுத்த எடுப்பில் குடும்பப் படத்தில் கை வைக்க வேண்டாம். ஒரு வெள்ளை டீ கப்பை நீல நிறச் சார்ட் பேப்பரின் மீது வைத்து, மொபைல் போனில் படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். நிழல் அதிகம் விழாத இடமாக இருக்கட்டும்.

1. பைல் மெனுவில் ஓப்பன் கொடுத்துப் படத்தைத் திறக்கவும். படத்தைத் திருப்பி நிமிர்த்தவா என்று கேட்டால் ரொடேட் கொடுக்கவும். கலர் புரொபைல் பற்றிக் கேட்டால் கீப் கொடுக்கவும்.

2. வலது பக்கம் லேயர்ஸ் என்ற பேனல் தெரியும். தெரியவில்லை என்றால் விண்டோஸ் மெனுவில் டாக்கபிள் டயலாக்ஸ் சென்று லேயர்ஸ் என்பதைக் கிளிக் செய்யவும். மேலே சொன்னபடி ஆல்பா சேனலைச் சேர்க்கவும்.

3. டூல்ஸ் மெனுவில் செலக்ஷன் டூல்ஸ் சென்று பஸ்ஸி செலக்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இது ஒரு மந்திரக் கோல் வடிவில் இருக்கும். இப்போது நீலப் பேப்பரின் மீது ஓரிடத்தில் கிளிக் செய்யவும். எறும்பு வரிசை போல ஒரு கோடு ஓடத் தொடங்கும். அந்தக் கோட்டிற்குள் இருப்பதே தேர்வான பகுதி.

இந்த டூல் என்ன செய்கிறது? நீங்கள் கிளிக் செய்த புள்ளியின் நிறத்தைப் பார்க்கிறது. அதை ஒட்டியுள்ள புள்ளிகளில், ஏறக்குறைய அதே நிறம் உள்ளவற்றை எல்லாம் சேர்த்துக்கொண்டே போகிறது. "ஏறக்குறைய" என்பது எவ்வளவு என்று நாம் சொல்ல வேண்டும். டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில் உள்ள த்ரெஷோல்ட் என்ற எண் அதற்குத்தான். பேப்பரில் கொஞ்சம்தான் தேர்வானால் எண்ணைக் கூட்டுங்கள். கப்பின் உள்ளேயும் கோடு புகுந்துவிட்டால் குறையுங்கள். எண்ணை மாற்றிய பின் மீண்டும் கிளிக் செய்ய வேண்டும்.

4. விட்டுப்போன பகுதி இருந்தால் ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு அங்கே கிளிக் செய்யவும். கப்பின் கைப்பிடி வளையத்திற்குள் தெரியும் நீலத்தை மறந்துவிடாதீர்கள். அது தனித் தீவு. அதைத் தனியே கிளிக் செய்தால்தான் சேரும். அதிகமாகச் சேர்ந்துவிட்ட இடத்தைக் கழிக்க, கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு கிளிக் செய்யவும்.

5. இப்போது தேர்வாகி இருப்பது பேப்பர். நமக்கு வேண்டியது கப். எனவே செலக்ட் மெனுவில் இன்வெர்ட் கொடுக்கவும். தேர்வு அப்படியே தலைகீழாகி, கப் தேர்வாகிவிடும்.

இந்த இடத்தில் பெரும்பாலான செய்முறைகள், இன்வெர்ட் செய்யாமலேயே டெலீட் கீயைத் தட்டச் சொல்லும். தட்டினால் பேப்பர் போய்விடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நான் தட்ட வேண்டாம் என்கிறேன்.

அழிக்க வேண்டாம், மூடி வையுங்கள்

டெலீட் கீயும் அழிரப்பரும் புள்ளிகளை நீக்கிவிடுகின்றன. கன்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்ப வரும்தான். ஆனால் புரோகிராமை மூடிவிட்டு மறுநாள் திறந்தால் வராது. காது ஓரத்தை நேற்றே கொஞ்சம் கூடுதலாக வெட்டியிருந்தால் இன்று ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு மாற்று, லேயர் மாஸ்க். படத்தின் மீது வெட்டிய அட்டை ஒன்றை வைத்து வேண்டாத இடத்தை மூடுவது போன்றது இது. அட்டையில் கறுப்பு உள்ள இடத்தில் படம் மறையும், வெள்ளை உள்ள இடத்தில் தெரியும், சாம்பல் நிறம் உள்ள இடத்தில் பாதி தெரியும். படத்தில் ஒரு புள்ளிகூட அழிவதில்லை. அட்டையை எடுத்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

1. கப் தேர்வாகி இருக்கும்போதே லேயர் மெனுவில் மாஸ்க் சென்று, ஆட் லேயர் மாஸ்க் என்பதைக் கிளிக் செய்யவும்.

2. ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். அதில் செலக்ஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆட் பட்டனை அழுத்தவும். பேப்பர் மறைந்து, அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் தெரியும். அந்தக் கட்டங்கள் படத்தில் சேர்ந்தவை அல்ல. இங்கே ஒன்றும் இல்லை என்று கிம்ப் காட்டும் அடையாளம்.

3. செலக்ட் மெனுவில் நன் கொடுத்துத் தேர்வை நீக்கவும். இதை மறந்தால் அடுத்த படியில் பிரஷ் தேர்வுக்கு வெளியே வேலை செய்யாது. "என் கிம்ப் கெட்டுப் போச்சு" என்று என்னிடம் சொன்ன நண்பர்கள் பலருக்கும் இதுதான் காரணம்.

4. லேயர்ஸ் பேனலில் இப்போது இரண்டு சிறு படங்கள் இருக்கும். இடது பக்கம் போட்டோ, வலது பக்கம் கறுப்பு வெள்ளையில் மாஸ்க். மாஸ்க் மீது ஒரு கிளிக் செய்யவும். டூல்ஸ் மெனுவில் பெயின்ட் டூல்ஸ் சென்று பெயின்ட்பிரஷ் எடுக்கவும். விளிம்பில் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் கறுப்பு வண்ணத்தால் தீட்டவும். கப் வெட்டுப்பட்டிருந்தால் வெள்ளையால் தீட்டவும், போனது திரும்ப வரும். எக்ஸ் எழுத்துக் கீயைத் தட்டினால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். தவறு செய்தால் மறு வண்ணத்தால் தீட்டினால் போதும். பயப்பட ஒன்றுமே இல்லை.

கப்பில் இரண்டு மூன்று முறை பழகிய பிறகு மனிதர்களிடம் வரலாம்.

மனிதர் படம்: கோடு நாமே போட வேண்டும்

எங்கள் குரூப் போட்டோவில் பஸ்ஸி செலக்ட் பயன்படவில்லை. சுவர் வெள்ளையடித்த சுவர். அப்பத்தாவின் முடி நரைத்த முடி. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். சுவரில் ஒரு கிளிக் செய்ததும் எறும்பு வரிசை அவர் தலைக்குள் புகுந்து நெற்றி வரை வந்து நின்றது. நிறத்தை மட்டும் பார்க்கும் டூலிடம் இதைத்தான் எதிர்பார்க்க முடியும்.

வண்ணப் படமாக இருந்தால் போர்கிரவுண்ட் செலக்ட் என்ற டூலை முயன்று பார்க்கலாம். ஆளைச் சுற்றிச் சற்றுத் தள்ளி உத்தேசமாக ஒரு கோடு வரைந்து என்டர் தட்டவும். பிறகு ஆளின் மீது, முகம், முடி, சட்டை, கை என்று எல்லா நிறங்களையும் தொடும்படி பிரஷ்ஷால் கிறுக்கவும். இவை வேண்டும் என்று நாம் காட்டிக் கொடுக்கிறோம். பிரிவ்யூ மாஸ்க் என்பதை டிக் செய்து பார்த்து, திருப்தியானால் என்டர் தட்டவும். ஆடையும் பின்னணியும் வேறு வேறு நிறமாக இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். பெரிய படம் என்றால் சற்று நேரம் எடுக்கும். பொறுமையாக இருங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் எனக்கு உதவியது ப்ரீ செலக்ட் டூல்தான். மவுஸ் வீலை கன்ட்ரோல் கீயோடு சேர்த்து உருட்டி, படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிக் கொண்டேன். தோளில் தொடங்கி, புடவை ஓரமாகச் சிறு சிறு தூரத்தில் கிளிக் செய்து கொண்டே போனேன். ஒவ்வொரு கிளிக்குக்கும் இடையில் கிம்ப் நேர்க்கோடு போடும். வளைவு உள்ள இடத்தில் புள்ளிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். நேரான இடத்தில் தள்ளி வைக்கலாம். தவறாக வைத்த புள்ளியை என்டர் தட்டும் முன் மவுஸால் இழுத்துச் சரி செய்யலாம். சுற்றி வந்து முதல் புள்ளியில் கிளிக் செய்து என்டர் தட்டினால் தேர்வு முடிந்தது. விளிம்புக்கு வெளியே போவதைவிட ஒரு பிக்ஸல் உள்ளே போவது நல்லது. வெளியே போனால் சுவர் ஒட்டிக்கொண்டு வந்து வெள்ளைக் கோடாகத் தெரியும்.

தேர்வு முடிந்ததும் செலக்ட் மெனுவில் பெதர் கொடுத்து, 2 பிக்ஸல் என்று தரவும். விளிம்பு கத்தரியால் வெட்டியது போல இல்லாமல் சற்று மென்மையாகும். பிறகு முன்பு போலவே ஆட் லேயர் மாஸ்க், செலக்ஷன்.

அப்பத்தாவின் வலது தோளைப் பக்கத்தில் நின்ற சின்னப் பாட்டி மறைத்திருந்தார். மறைந்த தோளை எந்த டூலாலும் கொண்டு வர முடியாது. அது படத்தில் இல்லை. அதனால் மார்பளவுப் படமாக வெட்டி, அந்தப் பக்கம் பிரேமின் ஓரத்தில் முடியும்படி வைத்துக்கொண்டேன்.

முடிதான் பரீட்சை

பின்னணி நீக்கிய படம் பார்ப்பவர் கண்ணுக்குப் போலியாகத் தெரிவது பெரும்பாலும் முடியில்தான். காரணம் இதுதான். ஒரு தலைமுடி பல சமயம் ஒரு பிக்ஸலைவிட மெல்லியது. அந்தப் பிக்ஸலில் முடியின் நிறமும் சுவரின் நிறமும் கலந்தே பதிவாகியிருக்கும். வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்த படத்தை அடர் நீலத்தின் மேல் வைத்தால், கலந்திருந்த வெள்ளை தலையைச் சுற்றி ஒளிவட்டம் போலத் தெரியும். என் முதல் படத்தில் அப்படித்தான் இருந்தது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "என்னப்பா, சாமி படம் மாதிரி இருக்கு" என்றார்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, முடி ஓரத்தில் ஒளிபுகும் தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது. பிரஷ்ஷின் ஓரம் மென்மையானதாகவும், ஒபாசிட்டி 30 சதவீதமாகவும் இருக்கட்டும். அளவைச் சிறியதாக வைத்து, மாஸ்க்கின் மீது கறுப்பால் இரண்டு மூன்று முறை மெல்லத் தடவுங்கள். ஒவ்வொரு முறையும் விளிம்பு சற்று மங்கும். முடி வளரும் திசையிலேயே தடவ வேண்டும்.

இரண்டாவது வழி இதைவிட எளிது, பலனும் அதிகம். புதிய பின்னணியைப் பழைய பின்னணிக்கு நெருக்கமான நிறத்தில் வையுங்கள். அசல் சுவர் வெளிர் சாம்பல் என்றால் புதியதும் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். கலந்திருக்கும் நிறம் அப்போது கண்ணுக்குத் தெரியாது. லேயர் மெனுவில் நியூ லேயர் கொடுத்து, பில் வித் என்பதில் போர்கிரவுண்ட் கலர் என்று தந்து, நிறைந்த லேயரை லேயர்ஸ் பேனலில் பிடித்து இழுத்துப் படத்தின் கீழே விடவும். நிறம் பிடிக்கவில்லை என்றால் வேறு நிறத்தில் இன்னொரு லேயர். படத்திற்கு ஒன்றும் ஆகாது.

எப்படிச் சேமிப்பது?

இங்கேதான் நான் விழுந்தேன். அதனால் சற்று நிறுத்திச் சொல்கிறேன்.

பைல் மெனுவில் சேவ் கொடுத்தால் கிம்ப் தன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎப் பைலாகத்தான் எழுதும். இந்தப் பெயர், அந்த இரு மாணவர்கள் இருந்த பெர்க்லி கம்ப்யூட்டர் அமைப்பின் பெயரில் உள்ள முதலெழுத்துகள். இதில் லேயர், மாஸ்க், மறைந்திருக்கும் பின்னணி எல்லாம் அப்படியே இருக்கும். பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் மாற்றலாம். இதுதான் உங்கள் மூல பைல்.

மற்றவருக்கு அனுப்பவும் பிரிண்ட் எடுக்கவும் எக்ஸ்போர்ட் ஆஸ் என்பதைப் பயன்படுத்தவும். பின்னணி இல்லாமல் ஆளை மட்டும் வைக்க வேண்டும் என்றால் பைல் பெயரின் கடைசியில் பிஎன்ஜி என்று தரவும். ஜேபெக்கில் தந்தால் ஆல்பா போய்விடும், காலி இடம் ஏதாவது ஒரு நிறத்தால் நிரம்பிவிடும். புதிய பின்னணி நிறத்தோடு ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுவதற்கு ஜேபெக் போதும்.

ஜேபெக் படத்தைத் திறந்திருக்கும்போது பைல் மெனுவில் ஓவர்ரைட் என்று ஒரு வரி, பைல் பெயரோடு தெரியும். அது பழைய பைலின் மேலேயே எழுதிவிடும். அந்த வரியைத் தொட வேண்டாம். மார்பளவாக வெட்டுவது போன்ற வேலைகளுக்கும் இமேஜ் மெனுவில் டூப்ளிகேட் கொடுத்து, வரும் நகலில் செய்யுங்கள்.

தானே நீக்கும் புரோகிராம்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. விண்டோஸ் 11ல் உள்ள பெயின்ட் புரோகிராமில் 2023 முதல் பின்னணியை நீக்கும் பட்டனே வந்துவிட்டது. பல மொபைல் போன்களிலும் இணையத் தளங்களிலும் இந்த வசதி உண்டு. ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட புரோகிராம்கள் இவை. ஆளின் வடிவம் எப்படி இருக்கும் என்று ஊகித்து வெட்டுகின்றன. தெளிவான, தனி ஆள் படத்தில் சில நொடிகளில் நல்ல பலன் தரும். விற்பனைக்கு வைக்கும் பொருளின் படத்திற்கு நானே இவற்றைப் பயன்படுத்துகிறேன்.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பழைய குரூப் போட்டோவில் தோளோடு தோள் நிற்பவர்களில் யாரை வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு, இணையத் தளம் என்றால் உங்கள் வீட்டுப் படம் வேறு யாருடைய கம்ப்யூட்டருக்கோ போகிறது. குழந்தைகள் படமாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். மூன்று, சில புரோகிராம்கள் மறைந்திருக்கும் தோளையும் கையையும் தாமே வரைந்து நிரப்பும். பார்க்க அழகாக இருக்கும். அது உங்கள் பாட்டியின் தோள் அல்ல. படத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியப் போவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. பாஸ்போர்ட், விசா போன்றவற்றிற்குத் தரும் படத்தில் பின்னணியைக் கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டாம். திருத்திய படங்களைப் பல நாடுகள் ஏற்பதில்லை. வெள்ளைச் சுவர் முன் நின்று எடுத்துக்கொள்வதே நல்லது.

அந்தத் திண்ணை

2009ல் ஸ்கேன் செய்தபோது, கல்யாணப் பெண் என்பதால் திண்டுக்கல்லில் உள்ள அத்தைக்கு ஒரு சிடியில் எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அப்பாதான் ஞாபகப்படுத்தினார். போன் செய்தேன். "அந்த வட்டத் தட்டா மருமகனே? பீரோவுல கல்யாணப் பத்திரிகைகளோட கிடக்கும், வந்து எடுத்துக்கோ" என்றார் அத்தை.

என் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இல்லை. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்தேன். சிடியில் கீறல்கள் இருந்தன. முதல் இரண்டு முறை படிக்கவில்லை. மூன்றாவது முறை துடைத்துப் போட்டதும் பைல்கள் தெரிந்தன. பன்னிரண்டு பேரும் வந்தார்கள். திண்ணையும் வந்தது. இப்போது அந்தப் பைல் என் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, அத்தை மகன் வீட்டில் ஒன்று என்று மூன்று இடங்களில் இருக்கிறது.

பிறகு மேலே சொன்ன முறையில் கிம்ப்பில் மறுபடி செய்தேன். மூன்று மாலைகள் ஆயின. வெளிர் சாம்பல் பின்னணியில் அப்பத்தா பூஜை அறையில் இருக்கிறார். ஒளிவட்டம் இல்லை.

அப்பா சில சமயம் வந்து உட்கார்ந்து, "அதைத் திற" என்பார். எக்ஸ்சிஎப் பைலைத் திறந்து, படத்திற்குக் கீழே உள்ள சாம்பல் லேயரை அப்படியே விட்டு, போட்டோ லேயரைக் கிளிக் செய்து, லேயர் மெனுவில் மாஸ்க் சென்று டிஸேபிள் லேயர் மாஸ்க் கொடுப்பேன். ஒரு நொடியில் சுவர், தூண், திண்ணை, பதினொரு பேர் எல்லோரும் வந்து நிற்பார்கள். அப்பா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லுவார். போன முறை அந்தப் பெயர்களை எல்லாம் எழுதி, அதே போல்டரில் ஒரு டெக்ஸ்ட் பைலாகச் சேர்த்து வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கும். இந்த வாரம் டீ கப்பில் பழகுங்கள். அடுத்த வாரம் அந்தப் படத்தை எடுங்கள். முதலில் நகல், பிறகு மாஸ்க். இன்று வேண்டாம் என்று நீங்கள் நீக்கும் பின்னணியை நாளை யாராவது கேட்கக்கூடும்.